பன்றி கடித்த துப்பாக்கி

கரும்பு வெட்டு தொடங்கி, எரித்த வயல்களின் கரித்துகள் பக்கோலோத் ஊரின் துணிக்கொடிகள் மேலெல்லாம் வந்து உட்காரும் மாதத்தில்தான் கில்டாவுக்குத் துப்பாக்கிக் குழலின் மேல் குறிபார்க்க வைத்திருக்கும் முன்குறி தெரியாமல் போனது. கொஞ்ச நாளாகவே மங்கிக்கொண்டுதான் வந்தது. அவள்தான் யாரிடமும் சொல்லாமல் சமாளித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் துப்பாக்கி சுடும் சங்கத்துப் போட்டியில் கையை நீட்டி நின்றபோது, குழலின் நுனியில் யாரோ பஞ்சை ஒட்டிவைத்தது போல இருந்தது. தூரத்து இரும்புத் தட்டுகளில் ஒன்றுகூட விழவில்லை. போதாததற்கு, சுடக்கூடாது என்று வைத்திருக்கும் வெள்ளை அட்டையில் இரண்டு ஓட்டை.

ஹெர்மினிகில்டா என்பது முழுப் பெயர். சந்தையில் பன்றிக்கறி விற்பவள். ஐம்பத்து நான்கு வயது, குட்டையான உருவம், குரல் மட்டும் கறிக்கடையிலிருந்து மீன்கடை வரை போகும். அந்த ஊர்க்காரர்கள் திட்டினால்கூடத் தாலாட்டுப் பாடுவது போலிருக்கும் என்பார்கள். கில்டா தாலாட்டினால்கூடத் திட்டுவது போலிருக்கும். சந்தையில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் 'மனாங்'தான், அக்கா. சங்கத்திலும் அப்படியே கூப்பிட்டார்கள். ஆனால் அங்கே அந்தச் சொல்லில் கொஞ்சம் சிரிப்பும் கலந்திருந்தது.

சங்கத் தலைவர் மோன்சிங் கரும்புத் தோட்டக்காரர். அப்பா விட்டுப்போன தோட்டமும், அப்பா விட்டுப்போன தோரணையும் அவரிடம் இருந்தன. ஓட்டை விழுந்த வெள்ளை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார்.

"மனாங், வயசானா கண்ணு போகத்தான் செய்யும். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. அடுத்த மாசத்துலேர்ந்து மார்க் போடற மேசைக்கு வந்துடுங்க. நிழல் இருக்கு, ஃபேன் இருக்கு. உங்க பொரிச்ச பன்னித்தோலையும் அங்கயே வச்சு வித்துக்கலாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"எனக்குத் தூரத்துல இருக்கறது நல்லாவே தெரியுது சார்," என்றாள் கில்டா. "இங்கேர்ந்தே உங்க மீசையில ஒட்டியிருக்கற சோத்துப் பருக்கை தெரியுது. கையில இருக்கற முன்குறிதான் தெரியல. முன்குறியே தேவைப்படாத துப்பாக்கின்னு ஒண்ணு இருக்கில்ல?"

மோன்சிங் மீசையைத் தடவிக்கொண்டார். "ஓப்பனா?"

"ஓப்பன்தான். கரும்பு வெட்டு முடியற மாசத்துப் போட்டியில ஓப்பன்ல சுடறேன். உங்க கூட."

இந்த முறை வந்த சிரிப்பு பெரிய சிரிப்பு.

மற்றப் பிரிவுகளில் துப்பாக்கியை இதற்குமேல் தொடக்கூடாது, அதற்குமேல் மாற்றக்கூடாது என்று ஆயிரம் கட்டு இருக்கும். ஓப்பனில் அவிழ்த்துவிட்ட மாதிரி. குறிக்குப் பதில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல், அதற்குள்ளே ஒரு சிவப்புப் புள்ளி. இலக்கைப் பார்த்தால் போதும், புள்ளி தானாக அதன்மேல் மிதக்கும். குழலின் நுனியில் துளை போட்ட ஒரு கட்டை, 'காம்ப்' என்பார்கள். வெடித்த வாயு அந்தத் துளைகள் வழியாக மேலே பீறிட்டு, துப்பாக்கியின் மூக்குத் தூக்காமல் அமுக்கிப் பிடிக்கும். தோட்டாக்கள் அடைக்கும் மேகசின் ஏறக்குறைய ஒரு சாண் நீளம். அந்தச் சங்கத்தில் ஓப்பன் என்றால் தோட்டக்காரர்கள், டாக்டர்கள், ஒரு வக்கீல். பன்றிக்கறிக்காரி யாரும் அதுவரை இல்லை.

வீட்டுக்குப் போனதும் கணவன் துலோவிடம் சொன்னாள். துலோ ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். விடியலில் பன்றியின் மயிர் பொசுக்குவது அவர் வேலை, வெட்டுவது அவள் வேலை.

"பாங்கா," என்றார் துலோ. மனைவியைச் செல்லமாகக் கூப்பிடும் சொல் அது. "அந்த ஆளைப் பழிவாங்கத்தானே இது?"

"இல்ல. நான் சுடணும். அந்த ஆளைப் பழிவாங்கறது தனி."

துலோ யோசித்துப் பார்த்தார். இரண்டும் நியாயமாகத்தான் பட்டது.

*

அந்த மாகாணத்தில் ஓப்பன் துப்பாக்கி என்றால் எபிங்கிடம்தான் போகவேண்டும். நல்ல கைவேலைக்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும். மோன்சிங்கின் துப்பாக்கி அவன் கட்டியதுதான், கடைச் சுவரில் அதன் படத்தைப் பெரிதாக மாட்டியிருந்தான். லைசென்ஸ் காகிதமெல்லாம் வந்து சேர்ந்து, அவன் வேலையை முடித்துக் கொடுக்க மூன்று மாதம் ஆனது.

"மோன்சிங் சாரோடது எப்படியோ அச்சு அசல் அதே மாதிரி, மனாங்," என்று துணியை விலக்கிக் காட்டினான். நீலமும் வெள்ளியுமாக, கல்யாணப் பெண் மாதிரி மின்னியது. கில்டாவுக்கே ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை.

மறுநாள் பயிற்சித் திடலில் பேச்சு வந்துவிட்டது.

துப்பாக்கியைத் தூக்கினால் ஜன்னலுக்குள் புள்ளி இல்லை. மணிக்கட்டை அப்படி இப்படி முறுக்கித் தேடினால்தான் எங்கேயோ மூலையில் எட்டிப்பார்த்தது. எப்படியோ பிடித்துச் சுட்டால், வெடித்த கையோடு புள்ளி இலக்கைத் தாண்டி மண்ணில் விழுந்தது. மறுபடி அதைத் தூக்கி மேலே கொண்டுவருவதற்குள் அடுத்த முறை சுடுவதற்கான நேரம் போய்விடும்.

"புதுசா ஓப்பன் பிடிக்கறவங்க எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க," என்றான் எபிங். "பழகணும் மனாங். ஆயிரம் தடவை தூக்குங்க, கை தானா பழகிடும்."

"தோத்தோ," என்றாள் கில்டா. தம்பி என்று கூப்பிடுகிற அந்தச் சொல் அவள் வாயில் வரும்போதே எச்சரிக்கை மணி அடிக்கும். "நான் துப்பாக்கிக்குப் பழகவா உன்கிட்ட வந்தேன்? அது எனக்குப் பழகட்டும். இங்க பாரு என் கையை."

பார்த்தான். அகலமான, குட்டை விரல் கை. இடது கட்டைவிரலின் கீழே பழைய வெட்டுத் தழும்பு. என்றோ எலும்பு வெட்டும் கத்தி வழுக்கியதில் நரம்பு போய், அந்த விரல் பாதிதான் மடங்கும்.

"இந்தக் கைக்கு மோன்சிங் சாரோட கைப்பிடி எப்படி ஒத்துவரும்? அவர் கை வாழைச்சீப்பு மாதிரி. பிடியைச் செதுக்கு."

எபிங்கின் முகம் சுருங்கியது. "அது செதுக்கற பொருளில்ல. உள்ள மேகசின் போற சுவர் மெல்லிசு. ஓட்டை விழுந்தா துப்பாக்கியே போச்சு. நாளைக்கு விக்கணும்னாலும் யாரும் வாங்கமாட்டாங்க."

"நான் விக்க வாங்கல."

"நான் செய்யமாட்டேன் மனாங். இந்தத் துப்பாக்கியில என் பேர் இருக்கு."

"செய்ய வேணாம். பிடியை மட்டும் கழட்டிக் கொடு."

"வீட்டுல ஏதாவது பண்ணிக் கெடுத்துட்டு என்கிட்ட கொண்டு வராதீங்க, சொல்லிட்டேன்."

"வரமாட்டேன், போ."

*

கறிக்கடை மத்தியானத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வீட்டின் பின்கட்டில் பிடியையும் அரத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கே செதுக்க வேண்டும் என்று தெரியாமல் முதல் நாள் வெறுமனே திருப்பித் திருப்பிப் பார்த்ததோடு சரி. பக்கத்தில் துலோ, சுடப்போகும் கோழிக்குச் சிவப்பு விதை எண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தார். கில்டா அந்தக் கிண்ணத்தையே பார்த்தாள். பிறகு எட்டி அதில் உள்ளங்கையை முக்கினாள்.

"ஏய், கோழிக்கு!" என்றார் துலோ.

எண்ணெய்க் கையோடு பிடியை இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தாள். பட்ட இடமெல்லாம் சிவப்பு, படாத இடமெல்லாம் கறுப்பு. மேட்டில் பட்டிருந்தது, பள்ளத்தில் படவில்லை. பின்பக்கத்து மேடுதான் கையைத் தள்ளி மூக்கைத் திருப்பியிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்தது.

சிவப்புத் தெரிந்த இடத்தில் அரத்தைப் போட்டாள். கழுவினாள், மறுபடி எண்ணெய், மறுபடி பிடி, மறுபடி அரம். விளக்கைப் பிடியின் உள்ளே நீட்டி, சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துக்கொண்டாள். வெளிச்சம் கசியத் தொடங்கும் இடத்துக்கு முன்னால் நிறுத்தினாள். தோலுக்குக் கீழே கொழுப்பு எங்கே முடிந்து கறி எங்கே தொடங்குகிறது என்று கத்திமுனையில் உணர்கிறவளுக்கு, எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருந்தது. வழுக்காமல் இருக்க, துலோ ரேடியோவுக்கு ஈயம் பற்றவைக்கும் கம்பியைச் சுடவைத்து மேலெல்லாம் குத்திக் குத்திப் புள்ளி வைத்தாள். வீடு முழுக்கப் பிளாஸ்டிக் நாற்றம்.

எல்லாம் முடிந்ததும் அது பார்க்க அசிங்கமாக இருந்தது. பொசுக்கி அரைகுறையாக மயிர் வழித்த தோல் போல. ஆனால் துப்பாக்கியில் மாட்டி, தோட்டா இல்லை என்று இருவருமாகப் பார்த்து உறுதி செய்துகொண்டு, கண்ணை மூடியபடி சுவர்க் காலண்டரை நோக்கித் தூக்கிவிட்டுக் கண்ணைத் திறந்தாள். ஜன்னலின் நட்டநடுவில் புள்ளி. இன்னொரு தடவை. நட்டநடுவில்.

"துலோ!" என்று கத்தினாள். கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மடங்காத கட்டைவிரலுக்கு முட்டுக் கொடுக்க ஒரு தாங்கி வேண்டியிருந்தது. துலோ பழைய அலுமினியக் கதவுச் சட்டத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி, வளைத்து, புள்ளிக்கண்ணாடியின் தாங்குதளத்தில் திருகி மாட்டினார். பக்கவாட்டில் காது மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

இனி மிச்சம் புள்ளி மண்ணில் விழும் விவகாரம். அதற்கு எபிங் வேண்டும். போகமாட்டேன் என்று சொன்ன இடத்துக்கே போனாள்.

எபிங் பிடியைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் தலையில் கை வைத்துக்கொண்டான். "லிந்தி!" என்றான். இடி விழ என்று அர்த்தம். "பன்னி கடிச்ச மாதிரி இருக்கு."

"கடிச்சா கடிச்சுட்டுப் போவுது. காம்ப் மூக்கு மேல போகாம பிடிச்சுக்குது, சரி. அப்போ கீழ குத்தறது யாரு?"

"காம்ப்தான். நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"இல்ல. வெடிக்கறப்ப புள்ளி நகரல, நான் பாத்தேன். குழல் மேல ஓடற ஸ்லைடு பின்னால போயித் திரும்ப முன்னால வந்து மோதற நேரத்துலதான் விழுது. உள்ள இருக்கற ஸ்பிரிங் ரொம்பக் கனம். அந்த ஸ்பிரிங் யாருக்குப் போட்டது?"

 எபிங் சுவரில் இருந்த மோன்சிங் துப்பாக்கியின் படத்தைப் பார்த்தான்.

"மெல்லிசா போட்டா ஸ்லைடு பின்னால போயி ஓங்கி அடிக்கும்," என்றான் கடைசியில், குரல் இறங்கி. "துப்பாக்கி தேய்ஞ்சிடும்."

"படிப்படியா மெல்லிசாக்கிப் பார்ப்போம். அடிக்குதுன்னு நீ சொல்ற இடத்துல நிறுத்திக்கலாம். இதுல நீ சொல்றதைக் கேக்கறேன்."

ஒரு டப்பா ஸ்பிரிங்குகளோடு திடலுக்குப் போனார்கள். மாற்றினான், சுட்டாள். மாற்றினான், சுட்டாள். நான்காவதிலோ ஐந்தாவதிலோ புள்ளி துள்ளி, புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றது.  மேகசின் காலியாகும் வரை சுட்டாள். தட்டுகள் டிங் டிங் என்று மணியடித்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்ற எபிங், "இது நல்லாயிருக்கு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

கிளம்பும்போது அந்த அலுமினியக் காதைத் தொட்டுப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல மனாங்."

*

போட்டி நாளன்று பக்கத்துத் தீவிலுள்ள இலோய்லோவிலிருந்து போட்டியை நடத்த ஒரு தலைமை அதிகாரி வந்திருந்தார். கறாரான மனிதர், யாரையும் தெரியாது, யாருக்கும் சிரிக்கமாட்டார். கில்டா பையைத் திறந்ததும் கூட்டம் கூடிவிட்டது.

"இது என்ன, பன்னி மென்னு துப்பினதா?" என்றார் வக்கீல்.

"கடையில மிச்சமான எலும்புல செஞ்சிருப்பாங்க," என்றார் இன்னொருவர்.

மோன்சிங் சிரிக்கவில்லை. அவர் பார்வை அந்தக் காதின் மேலேயே இருந்தது. "அதிகாரி சார், இதைப் பெட்டியில வச்சுப் பாத்துடலாமே," என்றார் மரியாதையாக.

ஓப்பனில் எதை வேண்டுமானாலும் மாட்டலாம், ஆனால் மொத்தத் துப்பாக்கியும் ஓர் அளவுப் பெட்டிக்குள் அடங்கவேண்டும். அதிகாரி அவள் துப்பாக்கி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்தார். நீளம் சரி. உயரம் சரி. அகலத்தில் இடித்தது. காது, அரிசி கனத்துக்கு வெளியே நின்றது.

"அடங்கல," என்றார் அதிகாரி. "உங்க முறை வர்றதுக்குள்ள அடங்கினா சுடலாம். இல்லைன்னா முடியாது."

"விடுங்க மனாங்," என்றார் மோன்சிங். "மேசையில உங்களுக்கு நாற்காலி போட்டுத்தான் வச்சிருக்கோம்."

கில்டா எபிங்கைத் தேடினாள். கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"இது அடங்காதுன்னு உனக்குத் தெரியும்."

"சொல்லணும்னுதான்... என் வேலையை அப்படி அரம் போட்டுச் சிதைச்சிருந்தீங்க. கோவம் மனாங். கொடுங்க, நானே இப்பச் சரி பண்ணித் தர்றேன்."

"தொடாதே."

அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு, காலித் துப்பாக்கியைத் தொட அனுமதிக்கும் பாதுகாப்பு மேசைக்குப் போனாள். பையில் அரம் இருந்தது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, காதை அரத்தால் தேய்க்கத் தொடங்கினாள். கிட்டத்து வேலைக்காக மாட்டியிருந்த அவள் மூக்குக்கண்ணாடியில் அலுமினியத் தூள் படிந்தது. முதுகு வேர்த்தது. கட்டைவிரலுக்கு இடம் குறைந்துகொண்டே வந்தது, ஆனாலும் கையை நிறுத்தவில்லை. பக்கத்தில் துலோ இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, யாரும் கிட்டே வந்துவிடாதபடி நின்றார். அவள் முறைக்கு இன்னும் இரண்டு பேர் பாக்கி என்றபோது மறுபடி பெட்டியில் வைத்தார் அதிகாரி. உராய்ந்துகொண்டே உள்ளே இறங்கியது.

"அடங்குது," என்றார்.

மோன்சிங் பெட்டியைத் தானும் ஒருமுறை குனிந்து பார்த்தார். "நல்லாப் பாருங்க சார்," என்றாள் கில்டா. "கண்ணாடி வேணும்னா என்னோடது தர்றேன்."

முதல் களத்தில் பாதி தேய்ந்த தாங்கியில் கட்டைவிரல் வழுக்கிவிட்டது. புள்ளி ஓடியது, சுடவேண்டிய அட்டை ஒன்றைத் தவறவிட்டாள். பின்னால் யாரோ "ஐயோ பாவம்" என்றார்கள். அந்தப் 'பாவம்' அவள் காதில் சுத்தியல் போல விழுந்தது. இரண்டாவது களத்துக்குப் போகும் வழியில், இனி அந்த விரலை நம்புவதில்லை என்று முடிவு செய்து, மற்ற விரல்களால் எலும்புக்கத்தியைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்தாள். பிடி அவள் கைக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. தொடங்கச் சொல்லி ஒலிப்பான் கத்தியதும் அடுத்த சுடும் இடத்துக்கு ஓடினாள். ஐம்பத்து நான்கு வயதுக் கால்கள் எவ்வளவு ஓடுமோ அவ்வளவு. வக்கீலைவிட மெதுவாகத்தான் ஓடினாள். ஆனால் போய் நின்ற இடத்தில் தேடவில்லை, தடுமாறவில்லை. பார்த்தாள், புள்ளி இருந்தது, சுட்டாள்.

மூன்றாவது களம் முழுக்கத் தூரத்துத் தட்டுகள். வரிசையாக எல்லாம் சாய்ந்தன. கடைசித் தட்டு விழுந்தபோது அதிகாரி நேரத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை பார்த்து எழுதிக்கொண்டார். அந்தக் களத்தில் அவளைவிட வேகமாக முடித்தவர் மோன்சிங் ஒருவர்தான், அதுவும் மயிரிழையில்.

நான்காவதில் சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக் குப்பி ஒன்று ஸ்லைடில் செங்குத்தாக மாட்டிக்கொண்டது. தட்டி எறிந்துவிட்டு முடித்தாள். ஆனால் போன நேரம் போனதுதான்.

சாயங்காலம் பலகையில் முடிவு எழுதினார்கள். ஓப்பனில் பதினோரு பேர். மோன்சிங் முதல். கில்டா ஏழாவது. வக்கீல் எட்டாவது. வக்கீல் பலகை பக்கமே வரவில்லை.

"ஏழாவது. முதல் தடவைக்கு மோசமில்ல மனாங்," என்றார் மோன்சிங்.

"மோசம்தான் சார். அந்தக் காதை நான் முன்னாடியே அளந்திருந்தா அஞ்சாவது. குப்பி மாட்டாம இருந்திருந்தா நாலாவது. அடுத்த தடவை வந்து சரியாச் சொல்றேன்."

எபிங் தயங்கித் தயங்கி வந்து நின்றான். மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் வரவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. "குப்பி மாட்டினது என்னோட வேலை. அதை நான் பார்க்கணும்," என்றான்.

"திங்கக்கிழமை கொண்டுவர்றேன். பிடியைத் தொட்டே, விரலை வெட்டிக் கடையில தொங்கவிடுவேன்."

ஆண்டு விழாவுக்கென்று படம் எடுக்க வேண்டியிருந்தது. அதிகாரி ஒவ்வொன்றாகச் சோதித்துக் கொடுத்த துப்பாக்கிகளை ஒரு நீள மேசையில் ஸ்லைடு திறந்தபடி வரிசையாக அடுக்கினார்கள். பின்னால் ஆட்கள். கில்டா தன்னுடையதை நடுவில் வைத்தாள்.

மோன்சிங் வந்து பார்த்தார். "மனாங், இந்தப் படம் விளம்பரதாரர்களுக்குப் போகுது. கொஞ்சம் ஓரமா இருக்கட்டுமே." அதிகாரியிடம் தலையசைத்துவிட்டு மெதுவாக, மரியாதையாகவே, அதை மேசையின் கடைக்கோடிக்கு நகர்த்தினார்.

கில்டா எடுத்து மறுபடி நடுவில் வைத்தாள்.

அவர் மறுபடி நகர்த்தினார்.

அவள் மறுபடி வைத்தாள். இந்த முறை கையை எடுக்கவில்லை. செதுக்கிய பிடியின் மேல் உள்ளங்கையை வைத்து, மேசைக்குப் பின்னால் கால்களை அகட்டி நின்றாள். சந்தையில் யாராவது விலை குறைத்துக் கேட்கும்போது அப்படித்தான் நிற்பாள். எல்லோரும் காத்திருந்தார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. படம் எடுப்பவர் மோன்சிங்கைப் பார்த்தார், கில்டாவைப் பார்த்தார்.

"சார், வெளிச்சம் போகுது," என்றார்.

மோன்சிங் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றார்.